புகையை விடுவதற்கு மாத்திரை: சாயங்கால வேளையை நிறுத்திவிடலாமா?

கேட்டவர்: நூல்காரன்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 47, புகைப் பழக்கத்துக்கு வயது 26. பஞ்சு பறக்கிற இடம் என்பதால் உள்ளே தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. என் சிகரெட் எல்லாம் கேட்டுக்கு வெளியே, டீக்கடைத் தூணில் புகைந்துகொண்டு தொங்குகிற கயிற்று நெருப்பில்தான். வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடி. எல்லாம் சேர்த்து நாளுக்குப் பதினைந்து, பதினாறு.

ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருந்திருக்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று மாலையே பற்றவைத்தேன். அதனால் இந்த முறை டாக்டரிடம் போனேன். புகையை விடுவதற்கான வரெனிக்லின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த 4 நாள் அதையே இரண்டு வேளை, 8ஆம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இரண்டு வேளை. மொத்தம் 12 வாரம். முதல் வாரம் புகைத்துக்கொண்டே சாப்பிடலாம் என்றார். எனக்கு அதில் நம்பிக்கையே வரவில்லை.

ஆனால் 9ஆம் நாள் ஒன்றைப் பற்றவைத்தால் நனைந்த சாக்கு எரிகிற மாதிரி இருந்தது. பாதியில் காலால் மிதித்து அணைத்தேன். 26 வருடத்தில் பாதி சிகரெட்டை நான் மிதித்ததே இல்லை. 12ஆம் நாளோடு முழுவதும் நின்றுவிட்டது. இப்போது ஆறாவது வாரம்.

பிரச்சினை வேறு. காலையில் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தால், ரயில்வே கேட்டுக்குப் போவதற்குள் குமட்டுகிறது. ஒருநாள் கேட் மூடியிருந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் வாந்தியே எடுத்துவிட்டேன். அடுத்தது கனவு. கனவென்றால் சாதாரணக் கனவு இல்லை. ரிங் பிரேமில், அதாவது நூல் நூற்கிற மெஷினில், அத்தனை நூலும் ஒரே நேரத்தில் அறுந்துபோகிறது. நான் ஒவ்வொன்றாக ஒட்டுகிறேன். பார்த்தால் விரலிடுக்கில் நூல் இல்லை, புகைகிற சிகரெட். பதறி எழுந்து உட்கார்ந்து விரலை முகர்ந்து பார்க்கிறேன்.

கோபமும் வருகிறது. மகள் மிக்ஸி போட்டதற்காகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். சிகரெட் பிடித்த மனுஷனே தேவலை என்கிறாள் வீட்டில். சாயங்கால மாத்திரையை மட்டும் நிறுத்திவிடலாமா?

பதில் 1: மதுரை மருந்தாளுநர்

அண்ணா, 22 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். முதலில் அந்த டீயை நிறுத்துங்கள். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுங்கள். குமட்டல்தான் இதன் முதல் பக்கவிளைவு. பத்தில் மூன்று பேருக்கு வருகிறது. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பெரும்பாலும் தணியும். கனவுக்கு, இரண்டாவது மாத்திரையைத் தூங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். உங்களுக்கு ஷிப்டு மாறுவதால் கடிகாரத்தைப் பார்க்காமல் தூக்கத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

நனைந்த சாக்குக்குக் காரணம் இருக்கிறது. மூளையில் நிகோட்டின் போய் உட்காருகிற இடத்தில் இந்த மருந்து முந்திக்கொண்டு உட்காருகிறது. நிகோட்டின் செய்கிற வேலையில் கொஞ்சத்தைத் தானே செய்து தவிப்பை அடக்குகிறது. நிகோட்டின் வந்தால் இடம் கொடுப்பதில்லை. அளவைக் குறைக்க முடியும், ஆனால் அதை டாக்டர் செய்யட்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் அளவு மாறும், சர்க்கரை இருந்தால் சொல்லுங்கள்.

கோபத்தைப் பற்றி. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துக்கு மனநிலை தொடர்பான மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. பிறகு சுமார் 8,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வைப் பார்த்து 2016இல் அதை எடுத்துவிட்டது. புகையை விட்டாலே எரிச்சல் வரும், தட்டைத் தள்ளியது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மனம் இருண்டு, உயிரை விடலாம் என்பது போன்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். இதில் யோசனையே வேண்டாம்.

பதில் 2: உறுதி1

மாத்திரை எல்லாம் எதற்கு? மன உறுதி இருந்தால் ஒரே நாளில் விடலாம். நான் விட்டேன்.

பதில் 3: பாளையங்கோட்டை

உறுதி ஐயா, வாழ்த்துகள். அவர் 48 நாள் விட்டவர், மேலே படியுங்கள்.

அண்ணாச்சி, என் கதையைக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தது புப்ரோபியான். மனச்சோர்வுக்கும் இதையேதான் கொடுப்பார்கள். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், விடியற்காலை மூன்று மணிக்கு மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடப்பேன். புகை மட்டும் நிஜமாகவே குறைந்தது. இரண்டாவது முறை போனபோது சின்ன வயதில் வலிப்பு வந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலிப்பு வந்தவர்களுக்கு அந்த மருந்து கூடவே கூடாதாம். முதல் நாளே அவர் கேட்டிருந்தார், நான்தான் அம்மா சொல்லிக்கொடுத்தபடி இல்லை என்று தலையாட்டினேன். பெண் பார்க்கப் போன காலத்துப் பழக்கம்.

அப்புறம் நிகோட்டின் சூயிங்கம். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. நான் அதை வெற்றிலை மாதிரி அரைத்துத் தள்ளி, விக்கலில் செத்தேன். மெதுவாக நாலு கடி, நாக்கு சுரீரென்றால் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், அடங்கியதும் மறுபடி. விட்டு 14 மாதம் ஆகிறது. சிகரெட் இல்லை. சூயிங்கம் இன்னும் இருக்கிறது, நாளுக்கு மூன்று. இதை யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை.

சிகரெட் பெட்டியில் 1800-11-2356 என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? கட்டணமில்லை. நான் ஒரு ராத்திரி வெறுப்பில் கூப்பிட நினைத்தேன், மறுநாள் காலையில்தான் கூப்பிட்டேன். பொறுமையாகப் பேசினார்கள்.

பதில் 4: செவிலி

நூல்காரன் ஐயா, நாளுக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள்? டீ, காபியிலுள்ள காஃபீனைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தைப் புகையிலைப் புகை கூட்டிவிடுகிறது. புகையை விட்டால் அந்த வேகம் குறைந்து, அதே டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும், பழி மாத்திரை மேல் விழும். பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

மறுபடியும் நூல்காரன் (மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. டீ எட்டு குடித்துக்கொண்டிருந்தேன். சிகரெட்டை விட்ட பிறகும் டீக்கடைக்குப் போவதை விடவில்லை, அது கணக்கிலேயே வரவில்லை. இப்போது மூன்று. கடைக்காரர் பழக்கதோஷத்தில் இன்றைக்கும் டீயோடு ஒரு சிகரெட்டை நீட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். கயிறு தொங்குகிற தூணுக்கு மறுபக்கம் நின்று குடிக்கிறேன்.

இட்லிக்குப் பிறகு மாத்திரை என்று மாற்றியதும் நாலாவது நாள் குமட்டல் ஓய்ந்தது. டாக்டரிடம் போனேன். இரண்டு வேளையும் 0.5 ஆக்கினார். கனவு நிற்கவில்லை, மங்கியிருக்கிறது. போன வாரம் முழு இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்கும்போது மறுபடி ரிங் பிரேம் வந்தது. இந்தத் தடவை விரலில் நூல்தான்.

அளவைக் குறைத்த பிறகு ஆசை கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், குறிப்பாக மழை பெய்தால். பாளையங்கோட்டை நண்பர் சொன்ன சூயிங்கத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், 12 வாரம் முடியட்டும், தேவைப்பட்டால் இன்னொரு 12 வாரம் இதையே தொடரலாம் என்றார்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவள் இப்போது மிக்ஸி போடுவதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறாள். எடை நாலு கிலோ ஏறிவிட்டது, பழைய பேண்ட் எதுவும் இடுப்புக்கு வரவில்லை. அதற்கும் ஒரு மாத்திரை இருக்கிறது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.