ஐக்யூ 138, ஆனால் நின்று யோசிக்கவே மாட்டேன் என்கிறான்

கவின் அம்மா:
மகனுக்கு 10 வயது. அறிவுத்திறன் டெஸ்டில் ஐக்யூ 138 வந்தது. பின்னக் கணக்கை மனதிலேயே போடுவான். ஆனால் கேள்வியை முழுதாகக் கேட்கும் முன்பே விடை சொல்லிவிடுவான். தப்பு என்றால் கேள்வியே தப்பு என்று வாதாடுவான். இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சிந்திக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? வளர வளரத் தானாக வரும் என்கிறார் மாமனார்.

கணக்கு வாத்தியார்:
கட்டாயம் சொல்லித்தர வேண்டும் அம்மா. வடிவ ஒழுங்கைப் பிடிப்பது, சொல்லறிவு, நினைவில் வைத்து வேலை செய்வது, வேகம் இவற்றைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. தன் விடையைத் தானே சந்தேகப்படும் பழக்கம் அதில் வராது. என் வகுப்பில் வேகமான பிள்ளைகளிடம்தான் இந்தக் குறையை அதிகம் பார்த்தேன். முதலில் தோன்றியதே பெரும்பாலும் சரியாகிவிடுவதால், சரிபார்க்க அவர்களுக்கு அவசியமே வருவதில்லை.

அவனிடம் இதைக் கேளுங்கள்: மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? ஷேன் ஃபிரெடரிக் என்ற ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட மூன்று கேள்விகளில் ஒன்று, நம் பணத்துக்கு மாற்றியிருக்கிறேன். அந்த மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்களிலேயே பாதிக்கும் குறைவு.

உளவியல் மாணவி:
சார், ஒரு திருத்தம். ஐக்யூ கூடுதலாக இருப்பவர்கள் இந்தப் புதிர்களைச் சராசரியாக நன்றாகவே செய்கிறார்கள், தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தன் பக்கத்தையே நியாயப்படுத்தும் போக்கு வேறு. உளவியல் ஆய்வாளர்கள் கீத் ஸ்டானோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்டும் செய்த ஆய்வுகளில், அறிவுத்திறன் கூடினாலும் அது பெரிதாகக் குறையவில்லை. அக்கா, உங்கள் மகன் வாதாடுவது எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. தன் கருத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசச் சொல்லிப் பாருங்கள்.

கவின் அம்மா:
கேட்டேன். பட்டென்று 10 என்றான்! கூட்டிக் காட்டு என்றதும் 10, 110, மொத்தம் 120 என்று எழுதினான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் 5 என்றான். ஏதாவது வகுப்பில் சேர்க்கட்டுமா?

கணக்கு வாத்தியார்:
வகுப்பு இப்போது வேண்டாம். அவனே கண்டுபிடித்தான் பாருங்கள், எனக்கு ரொம்பச் சந்தோஷம். அடுத்தது: குளத்தில் அல்லி தினமும் இரட்டிப்பாகிறது. முழுக்குளத்தையும் மூட 48 நாள். பாதிக்குளம் மூட எத்தனை நாள்? விடைக்குக் கீழே, "இது தப்பாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்பதற்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.