டிக்கெட்டில் இருந்த நேரமும் வானில் கழிந்த நேரமும்

களியக்காவிளையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்:

எங்கள் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறோம். நான் முதன்முறை துபாய்க்குப் புறப்பட்டபோது, முந்திரி ஆலையில் நெடுங்காலம் கணக்கெழுதிய என் அப்பா டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். புறப்பாடு அதிகாலை 4.30, சேரும் நேரம் 7.20. நேர்த்தூரம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர் என்று நான் சொல்லியிருந்ததால், பென்சிலால் வகுத்துவிட்டு, "மணிக்கு ஆயிரத்துக்கு மேல வருதே மக்களே, எங்கயோ பிழை இருக்கு" என்றார்.

டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே அச்சாகிறது. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், உண்மையான பயணம் 4 மணி 20 நிமிடம். மறுபடி வகுத்தார், 680 வந்தது. ஜெட் விமானம் 800க்கு மேல் போகுமே என்று அடுத்த சந்தேகம் எழுந்தது. அதுவும் நியாயமான சந்தேகம்தான். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது தொடங்கி, ஓடுபாதைக்கு ஊர்ந்து, மெதுவாக மேலேறி, மெதுவாகவே இறங்கி, மறுமுனையில் போய் நிற்பது வரைக்கும் அந்த 4 மணி 20 நிமிடத்தில் அடக்கம் என்பதையும், பாதை எப்போதும் நேர்க்கோடாக அமைவதில்லை என்பதையும் சொன்ன பிறகே பென்சிலைக் கீழே வைத்தார்.

இவ்வளவு விளக்கிய நானே திரும்பி வரும்போது தவறினேன். "ராத்திரி பத்து மணிக்கு ஏறுகிறேன், நாலு மணி நேரம்" என்று தொலைபேசியில் சொல்லி வைத்தேன். குளிர்காலத்தில் துபாய்ப் பக்கம் உயரே மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுவதால், நம் பக்கம் வரும் பயணம் சற்றுக் குறையும். ஆகவே நாலு மணி நேரம் என்றது சரி. யாருடைய பத்து மணி என்பதைத்தான் சொல்லவில்லை. அப்பா வாடகைக் காருடன் இரண்டு மணிக்கே வந்து நின்றார். நான் வெளியே வந்தபோது நாலரை.

பாறசாலையிலிருந்து இன்னொருவர்:

சென்னையிலிருந்து திருவனந்தபுரம் வானில் சுமார் 610 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவார்கள். எனக்கு ஒருமுறை அது பாதி நாளாயிற்று. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது; அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைப்பார்கள். நேரம் மாறிய செய்தி டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரின் எண்ணுக்குப் போயிருக்கிறது. நான் மதியமே சென்னை விமான நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊர்வலத்தின்மேல் எனக்குக் குறையில்லை. விமான நிலையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழி அது.

மார்த்தாண்டத்திலிருந்து மற்றொருவர்:

வானத்துக் கணக்கை விடுங்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் 45 கிலோமீட்டர்கூட வராது. நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் நின்று நின்று போனதில், ஒரு திருமண முகூர்த்த நாளில் எனக்கு இரண்டே முக்கால் மணி நேரமாயிற்று. அதன்பின் சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். இப்போதெல்லாம் முகூர்த்த நாளென்றால் முந்தைய இரவே திருவனந்தபுரம் நகருக்குள் கரமனையில் உள்ள சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன்.