ஐஇஎல்டிஎஸ் கட்டுரைக்குச் சொற்பட்டியல் மனப்பாடம் உதவுமா?

சொல்வேட்டை:
ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டு முறையும் 6-ஐத் தாண்டவில்லை. இந்தத் தடவை தினமும் இருபது புதுச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ‘மெனி’க்குப் பதில் ‘பிளெத்தோரா’, ‘பேட்’டுக்குப் பதில் ‘டெட்ரிமென்டல்’. சொல்வளத்துக்குத் தனி மதிப்பெண் இருக்கும்போது பட்டியல் இல்லாமல் எப்படி?

பென்சில்முனை:
நண்பரே, சொல்வளத்துக்குக் கால் பங்குதான். கேள்விக்கு நேரான பதில், கருத்துக் கோவை, இலக்கணம் ஆகிய மூன்றுக்கும் இதே அளவு மதிப்பு உண்டு. அதோடு, அரிய சொல்லைப் போட்டாலே மதிப்பெண் வந்துவிடாது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழில் ‘பலத்த மழை’ என்போம், ‘வலிமையான மழை’ என்றால் காதில் உறுத்தும். ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ‘ஹெவி ரெயின்’ உண்டு, ‘ஸ்ட்ராங் ரெயின்’ கிடையாது. சொல்லுக்கு எதிரே பொருள் மட்டும் போட்ட பட்டியல் இதைக் கற்றுத் தராது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல கட்டுரைகளைப் படியுங்கள்.

சொல்வேட்டை:
படித்துப் படித்துத் தானாக ஒட்டட்டும் என்று காத்திருக்க நேரமில்லை, தேர்வுக்கு ஆறு வாரம்தான். மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அதில் உள்ளதுதான். பட்டியலே வீண் என்றால் அவர் ஏன் அதற்காக உழைத்தார்?

பென்சில்முனை:
நல்ல பட்டியல்தான். ஆனால் அதில் ‘பிளெத்தோரா’வைத் தேடிப் பாருங்கள், இருக்காது. ‘பாலிசி’, ‘இம்பாக்ட்’, ‘சிக்னிஃபிகன்ட்’ போன்ற சொற்கள்தான் இருக்கும். உண்மையான நூல்களில் அடிக்கடி வருகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவை அவை. நீங்கள் மனப்பாடம் செய்வது பகட்டுக்கு.

இரவுவாசகி:
நான் இடையில் வருகிறேன். பள்ளிக் கல்வி பற்றிய கட்டுரை முழுக்க ‘சில்ட்ரன்’ வரும் இடத்திலெல்லாம் ‘ஆஃப்ஸ்பிரிங்’ (ஒருவர் பெற்ற பிள்ளைகள்) என்று எழுதியவள் நான். திருத்திய ஆசிரியர் ஒவ்வொன்றையும் அடித்திருந்தார். அதற்கப்புறம் எந்தச் சொல்லையும் தனியாக எழுதி வைப்பதில்லை. ‘போஸ் எ த்ரெட்’, ‘டேக்கிள் எ பிராப்ளம்’ என்று ஜோடியாகத்தான் குறிப்பேட்டில் ஏறும். ஆனாலும் பென்சில்முனை, வாசித்தால் மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. நாற்பது நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். அந்தப் பதற்றத்தில், வாசித்தபோது புரிந்த சொல் கைக்கு வராது. ஏற்கெனவே நாலு தடவை நாமே எழுதிப் பார்த்த சொல்தான் வரும்.

பென்சில்முனை:
அதை ஒப்புக்கொள்கிறேன். எழுதிப் பழகுவதையும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்வேட்டை:
சரி, ‘பிளெத்தோரா’வை விட்டுவிட்டேன். பட்டியலை விட மாட்டேன். இன்று அந்த 570-இலிருந்து ஐந்து மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதினேன். ஒரு சந்தேகம்: ‘மேக் அன் இம்பாக்ட்’, ‘ஹேவ் அன் இம்பாக்ட்’ இரண்டுமே சரியா?

இரவுவாசகி:
இரண்டும் சரி. ‘டூ அன் இம்பாக்ட்’ வராது. பின்னால் ‘ஆன்’ போட மறக்காதீர்கள். அந்தப் பத்து வாக்கியங்களையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.