மடிக்கணினியில் ஒலி வரவில்லை: லினக்ஸ் இயக்கியை நாமே திருத்தலாமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

எங்கள் தமிழ்வழிப் பள்ளிக்கு நன்கொடையாக வந்த நான்கு மடிக்கணினிகளில் லினக்ஸை நிறுவினோம். படமும் இணையமும் உடனே வந்தன. ஒலி மட்டும் வரவில்லை. திரையில் ஒலியளவுப் பட்டை ஏறி இறங்கியது, ஒலிபெருக்கியோ ஊமையாகவே இருந்தது. ஒரு மாணவி ஹெட்ஃபோனைச் செருகியபோதுதான் காரணம் பிடிபட்டது: செருகினால் ஒலிபெருக்கி பாடுகிறது, உருவினால் அடங்கிவிடுகிறது. ஹெட்ஃபோன் செருகப்பட்டிருக்கிறதா என்று உணரும் சுவிட்சைக் கணினி தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தது. ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஆல்சாமிக்சர் நிரலில், ஹெட்ஃபோன் செருகினால் ஒலிபெருக்கியைத் தானாக அடக்கும் ‘ஆட்டோ மியூட்’ வசதியை அணைத்ததும் நான்கும் பேசின. ஆனால் அதன்பின் ஹெட்ஃபோன் செருகினாலும் ஒலிபெருக்கி நிற்பதில்லை என்பதால், ஒருவர் கேட்கும் பாடம் வகுப்பு முழுவதற்கும் கேட்டது. சுவிட்சின் உணர்வைத் தலைகீழாக வாசிக்கும்படி ஆல்சா இயக்கிக்கு (லினக்ஸில் ஒலிச் சில்லை இயக்கும் நிரலுக்கு) சொல்லும் ஒரு வரியை எழுதிய பிறகே எல்லாம் சீரானது. அந்த ஒரு வரி லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே சேர்ந்துவிட்டால், அதே மாதிரிக் கணினி வைத்திருக்கும் வேறு எவரும் எங்களைப் போல இரண்டு வாரம் அலைய வேண்டியதில்லை. ஆகவே, தம் கணினியில் கண்ட கோளாற்றை உருவாக்குநர்களுக்கு எழுதியனுப்புவதை நாம் ஒவ்வொருவரும் கடமையாகக் கொள்ள வேண்டும்.

குப்பம் பழுதுபார்ப்பவர்

டீச்சரின் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. 2004-இல் வந்த இன்டெல் எச்டி ஆடியோ தரத்தின்படி, ஒலிச் சில்லின் எந்த இணைப்பு முனை (பின்) எதனுடன் இணைந்திருக்கிறது என்பதை, கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸ் சரியாக எழுதிவைக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பலர் அதைத் தவறாக எழுதிவிட்டு, விண்டோஸுக்குத் தரும் இயக்கியில் மட்டும் பிழையைச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் விட்ட பிழைகளுக்காக மாடல் மாடலாக எழுதப்பட்ட வரிகள் ரியல்டெக் சில்லுகளுக்கான இயக்கியில் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. என் கடைக்கு வந்த இரண்டு கணினிகள் ஒரே அடையாள எண்ணைக் காட்டின, உள்ளே வயரிங் வேறு. ஒன்றின் மைக்கை எழுப்பிய வரி மற்றதன் மைக்கை முடக்கியது. வாங்கும்போதே பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுபோய்க் கடையிலேயே ஒலியைச் சோதிப்பதும், பள்ளிகள் தம் கொள்முதல் நிபந்தனைகளில் இதை எழுதுவதும்தான் வழி. விற்பனை குறைந்தால் ஒழிய அவர்கள் பயாஸைத் திருத்த மாட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

ஐயா, நன்கொடைக் கணினிக்கு ஏது கொள்முதல் நிபந்தனை? அந்த மாடலை நிறுத்திவிட்ட நிறுவனத்திடம் புதிய பயாஸ் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. எண் மோதும் சிக்கலுக்கும் வழி உண்டு: நீங்கள் சொன்ன கணினியின் அடையாள எண் (பிசிஐ எண்) ஒன்றாக இருந்தாலும், கோடெக் எனப்படும் ஒலிச் சில்லுக்கென்று தனியாக ஒரு துணை எண் இருக்கிறது, அதைக் கொண்டு பிரித்தறியும் வசதி இயக்கியில் வந்துவிட்டது. பல ஆண்டுகளாக ஆல்சாவைப் பராமரித்துவரும் டக்காஷி இவாய் ஏற்கும் சிறு திருத்தங்கள் நீண்டகால ஆதரவுள்ள பழைய கர்னல்களுக்கும் போய்ச் சேர்கின்றன. எங்கள் குழந்தைகள் பயன்படுத்துவது பழைய கர்னல்தான் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

வேலந்தாவளம் மாணவர்

என்னுடைய புதிய மடிக்கணினியில் ஒலிபெருக்கி வேலை செய்கிறது, உள் மைக் மட்டும் பட்டியலிலேயே இல்லை. டீச்சர் சொல்லும் ஒரு வரி இதற்கும் போதுமா?

குப்பம் பழுதுபார்ப்பவர்

பெரும்பாலும் போதாது, தம்பி. புதிய கணினிகளில் டிஜிட்டல் மைக் கோடெக்கைத் தொடாமல் நேரே இன்டெல் சில்லுக்குள் ஒலியைக் கையாளும் சிக்னல் பிராசசருக்குச் செல்வதுண்டு. அதற்குத் தனி ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சில்லுக்குள்ளேயே ஓடும் நிரல், வேண்டும். 2018-இல் தொடங்கிய, அத்தகைய நிரலான சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேரின் மூல நிரல் திறந்ததுதான் என்றாலும், பெரும்பாலான மடிக்கணினிகள் இன்டெல் கையொப்பமிட்ட கோப்பை மட்டுமே ஏற்கின்றன. முதலில் அந்த ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டீச்சர், நான் தயாரிப்பாளரை விட மாட்டேன் என்பது இதனால்தான்: சாவி அவர்கள் கையில் இருக்கும் இடத்தில் நம் வரிகளால் ஒன்றும் ஆகாது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

சாவி நம் கையில் இருக்கும் இடத்தையாவது திறக்கலாமே, ஐயா. திருத்தத்தை இந்த வாரம் அனுப்பப் போகிறேன்.

குப்பம் பழுதுபார்ப்பவர்

அனுப்புமுன் உங்கள் கோடெக்கின் துணை எண்ணை இங்கே எழுதுங்கள். அதே மாடல் ஒன்று, கிருஷ்ணகிரியிலிருந்து வந்தது, என் மேசையில் இருக்கிறது. அதில் ஹெட்ஃபோன் உணர்வு சரியாகவே வேலை செய்கிறது.