சைவமா என்று கேட்டு வீடு மறுப்பது சட்டப்படி சரியா?

வைகைக்கரை:
சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறோம். டூ-லெட் பலகையைப் பார்த்து மாடியேறினால், அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே "நீங்கள் சைவமா?" என்ற கேள்வி வருகிறது. நேற்று ஒரு வீட்டில், முட்டைகூடச் சமைக்க மாட்டோம் என்று என் மனைவி உறுதி கூறிய பிறகும், சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவின் பெயரைச் சொன்னதும், வீட்டை மகனுக்காக வைத்திருப்பதாகக் கூறிக் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்று காலையும் அந்தப் பலகை அங்கேயேதான் தொங்குகிறது. சாதி, மதப் பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பு இதைத் தடுக்காதா?

செங்காந்தள்:
நேரடியாகத் தடுக்காது. 15(2) கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை போன்றவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றம் என்கிறது. மறுக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்பது அதன் 12ஆவது பிரிவு. அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. உணவைக் காரணம் காட்டுவது இங்கேதான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. பலகையைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள்; கேட்ட கேள்விகளை மறப்பதற்குள் அப்படியே எழுதி வையுங்கள்.

தாழம்பூ:
அந்தச் சட்டம் என் போன்ற இஸ்லாமியக் குடும்பங்களுக்கு உதவாது. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் தன் விதியைக் காக்கத் தொடுத்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் அச்சங்கத்தின் பக்கமே நின்றது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத்தில் நூறு வீடுகளில் 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு என்று கலந்து கொடுத்தார்கள். அது அரசு கட்டிய வீடு என்பதால் முடிந்தது. நகரத்தில் நாம் தட்டுவதோ தனியார் கதவை. அமெரிக்காவில் இனத்தையும் மதத்தையும் காட்டி வீடு மறுப்பதை 1968லேயே சட்டம் தடைசெய்தது. ஒரே வருமானமுள்ள இருவரை ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து அனுப்பி, யாருக்கு "காலியில்லை" என்ற பதில் கிடைக்கிறது என்று சோதித்து வழக்குத் தொடுக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் அப்படியொரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. படமெடுத்துவிட்டேன். அடுத்த வீட்டில் தெருவின் பெயரை மாற்றிச் சொல்லும்படி அம்மா கெஞ்சுகிறார். எனக்கு மனம் வரவில்லை.