சித்திரைத் திருநாளுக்கு ஹம்முஸும் பீட்டாவும்: பெங்களூரில் எங்கள் அனுபவம்

சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14, அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறையோடு சேர்ந்து வருவதால் பெங்களூரிலும் வீட்டில் எல்லோரும் இருப்போம். இந்த முறை காலையில் பூஜை, வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி, பாயசம், அவ்வளவுதான். மதியச் சாப்பாடு இந்திராநகரில் ஒரு மத்திய தரைக்கடல் உணவகத்தில். நல்ல நாளில் வெளியே சாப்பிடுவதா என்று அப்பா முகம் சுளித்தார். நான் விடவில்லை. எனக்கு நினைவு தெரிந்து எந்தப் பண்டிகைக்கும் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பரிமாறி, எல்லாம் ஆறிப்போன பிறகுதான் தனக்கு இலை போடுவார்.

அம்மா நாள் கிழமைகளில் வெங்காயம், பூண்டு தொட மாட்டார். லெபனான் பக்கத்துச் சமையலிலோ பூண்டு இல்லாதது குறைவு. ஹம்முஸுக்குக் கொண்டைக்கடலை, எள் விழுது, எலுமிச்சையோடு பூண்டையும் சேர்த்தே அரைத்துவிடுவார்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் ஒன்றும் நடக்காது என்பதால் முதல் நாளே போன் செய்து, பூண்டு சேர்க்கும் முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். ஃபலாஃபல் மட்டும் முடியாது, மாவிலேயே இரண்டும் இருக்கிறது என்றார்கள். கடலையை வேகவைக்காமல், ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்துப் பொரிப்பார்கள் என்று சொன்னதும் அம்மா, "மசால் வடைதானே, பரவாயில்லை" என்றார்.

பீட்டா ரொட்டி அடுப்பிலிருந்து நேராக உப்பிக்கொண்டே வந்தது. அம்மா விரலால் குத்தினார், குபுக்கென்று ஆவி. ஒரு துண்டு கிழித்து, நடுவில் ஆலிவ் எண்ணெய் தேங்கியிருந்த ஹம்முஸில் தொட்டு வாயில் போட்டவர், "எள்ளு நல்ல எள்ளு" என்றார். அப்பாவுக்கு லப்னே பிடித்துவிட்டது. கெட்டித் தயிர்தான், தண்ணீர் சுத்தமாக வடியும்வரை துணியில் கட்டி வைத்தது.

மெஸ்ஸே என்று சின்னச் சின்னக் கிண்ணங்களாக நடுவில் வைத்துவிடுகிறார்கள், அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எச்சில் பார்க்கிற வீடு என்பதால் கிண்ணத்துக்கு ஒரு கரண்டியும், ஆளுக்கொரு தட்டும் கேட்டு வாங்கினோம். பரிமாற ஆளே தேவைப்படவில்லை. அம்மா முழுச் சாப்பாட்டுக்கும் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. அதற்காகத்தான் நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்.

*

நாங்கள் தீபாவளிக்கு மாமனார், மாமியாரோடு கோரமங்களாவில் இதே மாதிரி ஓர் உணவகத்துக்குப் போனோம். சைவக் குடும்பங்கள் பூண்டோடு சீஸையும் கேட்டுக்கொள்வது நல்லது. ஹலூமி, ஃபெட்டா வகைகளில் பாலைத் திரிய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பதுண்டு. அது இல்லாமல் செய்வதும் கிடைக்கிறது. பாக்கெட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டோம். பையன் சலிக்காமல் சமையலறையிலிருந்து எடுத்து வந்தான். பச்சைப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் மாமியார் தட்டில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் பொரிக்கிற எண்ணெய். அங்கே கோழிக்கும் ஃபலாஃபலுக்கும் ஒரே எண்ணெய்தான், கேட்டதும் மறைக்காமல் சொன்னார்கள். அதனால் ஃபலாஃபலை விட்டுவிட்டு, சுட்ட கத்திரிக்காயில் செய்த பாபா கனூஷ் இன்னொரு கிண்ணம் வாங்கினோம். மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. பாகில் ஊறின பக்லாவாவில் ஒரே ஒரு துண்டு, அதுவும் மாமியார் அனுமதியோடு!