ஓடிக்கொண்டிருந்த கணினியில் இரண்டாவது வன்தட்டைச் சோடி சேர்த்த அனுபவம்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து:

என் தகப்பனார் அண்ணாவியாராக, அதாவது கூத்துப் பழக்குபவராக இருந்தவர். அவர் பழக்கி அரங்கேற்றிய வடமோடிக் கூத்துகளை எழுபதுகளின் இறுதியிலிருந்து ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எங்கள் வீட்டுக்குள் புகுந்தபோது இங்கிருந்த நாடாக்கள் அனைத்தும் போய்விட்டன. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வவுணதீவிலுள்ள அக்கா வீட்டில் இருந்த 43 நாடாக்கள் மாத்திரமே தப்பின. அவற்றைச் சுருக்காத ஒலிக்கோப்புகளாகக் கணினியில் ஏற்றினேன். அவ்வகைக் கோப்பு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடத்தை எடுக்கும். பின்னர் கூத்துக் களரிகளில் எடுத்த காணொளிகளும் சேர்ந்து, 2 டெராபைட் வன்தட்டில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. இத்தனையும் ஒரேயொரு தட்டில் இருந்தன. கடந்த மாரியில் நண்பர் ஒருவரின் தட்டு இரண்டு நாட்கள் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனதைக் கேட்டபின் எனக்கு நித்திரை வரவில்லை.

ஒரே விடயத்தை இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் முறையை ரெய்ட் 1 என்பார்கள்; நான் இங்கே சோடி என்கிறேன். 1988 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இது முதல் நிலையாக வகுக்கப்பட்டது. இதற்குத் தனி அட்டை எதுவும் தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் எம்டிஏடிஎம் என்ற இலவச மென்பொருளே போதுமானது. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு ஓடும் என்னுடைய பழைய கணினிக்கு அதுவே பொருத்தமாகப் பட்டது. புதிய தட்டை வேறொரு கம்பெனியினுடையதாகப் பார்த்து வாங்கினேன். ஒரே தொகுதியில் செய்யப்பட்ட இரண்டு தட்டுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பழுதாகக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

புதிதாக உபுண்டு நிறுவும்போதே சோடி அமைப்பது இலகு. ஏற்கனவே தரவு நிறைந்திருக்கும் தட்டை நேரடியாகச் சோடியாக மாற்ற முடியாது; ஏனெனில் அம்மென்பொருள் தன் அடையாளக் குறிப்பை எழுதும் இடத்தில் நம்முடைய கோப்பமைப்பு ஏற்கனவே குந்தியிருக்கிறது. ஆகையால் வெறுமையான புதிய தட்டை மாத்திரம் வைத்து, மற்றப் பாதி 'மிஸ்ஸிங்', அதாவது இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லி ஒற்றைக்கால் சோடியொன்றை முதலில் அமைத்து, அதனுள் பழைய தட்டிலிருந்த யாவற்றையும் ஆர்சிங்க் என்ற கட்டளையால் பிரதிசெய்து, எந்தத் தட்டை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் புதிய அடையாள எண்ணை எழுதி, கணினி எழும்பும்போது சோடியைக் கூட்டித்தரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்த பின்னர்தான் பழைய தட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவரை பழைய தட்டில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பழைய தட்டின் வயரைக் கழற்றிவிட்டுப் புதியதால் மாத்திரம் கணினியை எழுப்பிப் பார்த்தேன். எழும்பவில்லை, பூட் செய்வதற்குத் தட்டு இல்லை என்று கறுத்த திரையில் ஒரு வரி வந்தது. கணினியை எழுப்பித்தரும் கிரப் என்ற சிறு மென்பொருள் பழைய தட்டில் மாத்திரமே நிறுவப்பட்டிருந்தது, புதியதில் நிறுவ மறந்திருந்தேன். பழையதை மீண்டும் பொருத்தி, புதியதிலும் கிரப்பை நிறுவி, மறுபடியும் கழற்றிச் சோதித்தேன், இம்முறை எழும்பியது. மனம் நிறைந்து பழையதை மறுபடி மாட்டிவிட்டு, இரண்டு நாட்கள் வழமைபோல வேலை செய்தேன். ஒரு தென்மோடிக் கூத்தின் மத்தள ஒலியைத் துப்புரவாக்கி, பதினொரு கோப்புகளைச் சேமித்தேன்.

மூன்றாம் நாள், பழைய தட்டைச் சோடியில் சேர்ப்பதற்கு முன்பாக, நான் நிற்கும் இடத்தை ஒருமுறை பார்ப்போம் என்று, எந்தத் தட்டுப் பாவனையில் இருக்கிறது என்பதைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன். கணினி ஓடும் தட்டின் வரியில் சோடியின் பெயரான 'எம்டி0' என்று இருந்திருக்க வேண்டும். அங்கே பழைய தட்டின் பெயரான 'எஸ்டிஏ1' என்று இருந்தது. பழையதை மாட்டியவுடன், எந்தத் தட்டிலிருந்து எழும்புவது என்று தீர்மானிக்கும் பயோஸ் வழக்கப்படி அதையே முதலில் எழுப்பியிருக்கிறது. இரண்டு நாட்களாக நான் வேலை செய்தது பழைய தட்டில். அன்றைக்கு மாத்திரம் பயோஸைத் திருத்திச் சோடியில் எழும்பிக்கொண்டு, பழையதைச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்திருந்தேனென்றால், ஒற்றைக்கால் சோடி அதன்மேல் தன்னை எழுதி, அந்தப் பதினொரு கோப்புகளையும் அழித்திருக்கும். கை நடுங்கியது. ஆர்சிங்க் மூலம் அவற்றைச் சோடிக்குள் கொண்டுவந்து, பயோஸில் வரிசையை மாற்றி எழுப்பி, டிஎஃப் 'எம்டி0' என்று காட்டுவதைக் கண்ணால் கண்டபின்தான் பழைய தட்டைச் சேர்த்தேன்.

இரண்டு தட்டுகளையும் சமப்படுத்தல் முடிய நாலரை மணித்தியாலம் எடுத்தது. சோடியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் 'யூ' என்றால் தட்டு ஓடுகிறது, அடிக்கோடு என்றால் தட்டு இல்லை. அதில் ஒரு 'யூ' எழுத்தும் பக்கத்தில் ஓர் அடிக்கோடும் இருந்த இடத்தில், இரண்டு 'யூ' எழுத்துகள் தோன்றின. அதன்பின் பழைய தட்டிலும் கிரப்பைத் திரும்ப நிறுவினேன், ஏனென்றால் முன்பு அதிலிருந்தது இல்லாமற்போன கோப்பமைப்பையே தேடும். தட்டுகளின் தொடரெண்ணில் கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒட்டியிருக்கிறேன். வயர் மாறினால் 'எஸ்டிஏ'யும் 'எஸ்டிபி'யும் இடம் மாறிவிடும், தொடரெண் மாறாது.

கல்முனையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். என்னுடைய கணினி விண்டோஸ் 10 ப்ரோ. அதிலுள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியில் தட்டை 'டைனமிக்' என்ற வகைக்கு மாற்றிவிட்டு 'ஆட் மிரர்' கொடுத்தால், இருக்கும் தரவோடேயே சோடி அமைகிறது. ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. நான் பட்ட பாடு வேறு வகையானது. சோடி இருக்கிறதே என்ற தைரியத்தில், தனியாகப் பிரதி எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் களைப்போடு பழைய கோப்புறைகளை அழிக்கும்போது, மருதமுனையில் எடுத்த ஒரு வலீமாவின், அதாவது கலியாண விருந்தின், முழுக் கோப்புறையையும் சேர்த்து, குப்பைத்தொட்டிக்கும் போகாதபடி அழித்துவிட்டேன். அழித்த அதே கணத்தில் இரண்டு தட்டுகளிலும் அது இல்லாமற்போனது. சோடியின் வேலை அதுதான் என்பதை அப்போதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். கெமராவின் இரண்டு கார்டுகளையும் இன்னும் ஃபோர்மட் செய்யாமல் வைத்திருந்தபடியால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் முழிக்க முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். தட்டு பழுதானால் சோடி காப்பாற்றும், கை தவறினால் காப்பாற்றாது. சேர், நாடாக்களின் இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கிறதா?

அக்கரைப்பற்றிலிருந்து:

நானும் உபுண்டுதான் பாவிக்கிறேன். கடற்கரைக்குக் கிட்டிய வீடு. உப்புக்காற்றில் எந்த இரும்பும் தாக்குப்பிடிப்பதில்லை. 2022 இல் மின்வெட்டு நீண்டு நீண்டு வந்த காலத்தில், ஒரு தட்டின் சாட்டா வயர் முனை பச்சை பிடித்து, தட்டு சோடியிலிருந்து விலகிவிட்டது. மற்றத் தட்டு ஓடிக்கொண்டிருந்ததால் வேலையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்து மாதங்களுக்குப் பிறகு தற்செயலாக எம்டிஸ்டாட்டைப் பார்த்தபோதுதான் அந்த அடிக்கோடு கண்ணில் பட்டது. ஐந்து மாதமும் சோடி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஒற்றைத் தட்டில் இருந்திருக்கிறேன்.

வயரை மாற்றி மாட்டியபோது, விலகியிருந்த தட்டின் நிகழ்வு எண்ணிக்கை, அதாவது சோடியில் மாற்றங்கள் நடக்க நடக்கக் கூடும் எண், குறைவாக இருந்ததால் மென்பொருள் அதைப் பழையது என்று அடையாளம் கண்டு ஒதுக்கி வைத்தது. இல்லாவிட்டால் ஐந்து மாதம் பழைய கோப்புகள் மேலே வந்திருக்கும். எழுதப்பட்ட இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் எங்கள் சோடியில் இருந்தது. ஆகவே சேர்த்தபோது மாறிய பகுதிகள் மாத்திரம் பிரதியாகி, அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது.

விலகினால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு எம்டிஏடிஎம்மில் உண்டு. ஆனால் கணினியில் அஞ்சல் அனுப்பும் வசதி அமைத்திருந்தால்தான் அது வந்து சேரும். நான் அமைத்திருக்கவில்லை. இப்போது நான் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் எம்டிஸ்டாட்டைப் படித்து, அடிக்கோடு இருந்தால் சிவப்பு எழுத்தில் காட்டும்படி நான்கு வரிகள் எழுதி வைத்திருக்கிறேன். ஐயா, நீங்களும் அப்படியொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லடியிலிருந்து மீண்டும்:

தம்பிமார் இருவருக்கும் நன்றி. அக்கரைப்பற்றுத் தம்பி சொன்ன நான்கு வரிகளை நேற்று எழுதி, ஒரு தட்டின் வயரை வேண்டுமென்றே கழற்றிச் சோதித்தேன். சிவப்பு எழுத்து வந்தது.

கல்முனைத் தம்பியின் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. இரண்டு தட்டுகளும் ஒரே பெட்டிக்குள், சுனாமி வந்த அதே வீட்டில், நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கின்றன. 2004 இல் எஞ்சிய நாடாக்களைக் காத்தது எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே கிடக்கும் வாவி. வெளியில் மாட்டும் வன்தட்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன். பிரதி இன்றிரவு முடியும். ஞாயிற்றுக்கிழமை வலையிறவுப் பாலத்தால் போய் அதை அக்காவிடம் கொடுக்கவிருக்கிறேன். நாடாக்கள் இருந்த அதே தகரப்பெட்டி இன்னும் அவரிடம் இருக்கிறதாம்.